ஆராய்ச்சி மணியை அடித்தவர்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் மரபில் நீதி கேட்டு அரண்மனை வாயிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் உறவினர்களே. கன்றைத் தேர்க்காலில் இழந்த பசு சோழனின் ஆராய்ச்சி மணியை அடித்தது. கணவனைக் கொலைத்தண்டனைக்குப் பறிகொடுத்தவள் ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் வாயிலில் நின்றாள். தன் ஊர் எது என்று அந்த அவையில் அறிமுகம் செய்துகொள்ளும்போது அவள் நினைவூட்டுவதும் அந்தப் பசுவின் கண்ணீரைத்தான். இரண்டும் ஒரே வகை வழக்கு என்று மேடைகளில் சேர்த்தே பேசி வந்திருக்கிறோம். உற்று நோக்கினால் அவை எதிரெதிர் வழக்குகள். குற்றத்துக்குத் தண்டனை வேண்டும் என்பது பசுவின் முறையீடு. அளித்த தண்டனையே குற்றம் என்பது கண்ணகியின் முறையீடு. சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று வியக்கும் மரபு, அந்த இளவரசனைப் பெற்றவள் அன்று எங்கே இருந்தாள் என்று கேட்டதில்லை. அவள் மணிக் கயிற்றைத் தொட்டதாகக் கதையும் இல்லை.

இந்த இருவகை உறவினரும் ஒரே காலத்தில், ஒரே வாயிலில் வந்து நின்றால் என்ன ஆகும்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இது நடந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துகொண்டும் இருக்கிறது. கொலையுண்ட பெண்ணின் தந்தை ஒருவர் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். அந்தச் சட்டத்தால் சிறைப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவியரும் அதை மாற்றப் புறப்பட்டார்கள். கவிஞர்கள் கூடியிருக்கும் இந்த அவையில் அந்த வரலாற்றைச் சொல்லத் தனிக் காரணம் உண்டு. அந்தச் சட்டத்துக்கு வலிமை தந்தது ஓர் உருவகம்; அதை எதிர்த்தவர்களின் கையில் இருந்தவை எடுத்துக்காட்டுகள். உருவகமும் எடுத்துக்காட்டும் மனித வாழ்வில் என்னென்ன செய்யவல்லவை என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வரலாறு வேறு அதிகமில்லை.

1992 ஜூன் 29. ஃபிரெஸ்னோ நகரில் ஓர் உணவகத்தை விட்டு வெளியே வந்து காரில் ஏறவிருந்த கிம்பர் ரெனால்ட்ஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணின் கைப்பையை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பறிக்க முயன்றனர். அவள் விடவில்லை. ஒருவன் தலையில் சுட்டான். மறுநாள் அவள் உயிர் பிரிந்தது. சுட்டவன் முன்னரே சிறை கண்டவன். சில நாட்களுக்குள் போலீசாருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் மாண்டான். உடன் வந்தவனுக்குக் கிடைத்தது ஒன்பது ஆண்டுகள். பெண்ணின் தந்தை மைக் ரெனால்ட்ஸ் திருமணங்களைப் படம் பிடிக்கும் புகைப்படக்காரர்; அரசியல்வாதி அல்லர். அவர் ஒரு நீதிபதி உள்ளிட்ட சிலரைத் தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கூட்டிவைத்து ஒரு சட்ட வரைவை எழுதச் செய்தார். 1993 வசந்தத்தில் அது சட்டமன்றத்துக்குச் சென்றது. குழு அளவிலேயே தோற்றது.

அவ்வாண்டு அக்டோபர் 1 இரவு, பெட்டலூமா என்னும் சிற்றூரில் பாலி கிளாஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி, தோழியர் இருவரோடு தன் வீட்டிலேயே இருந்தபோது கத்திமுனையில் கடத்தப்பட்டாள். இரண்டு மாதங்கள் நாடே தேடியது. டிசம்பர் 4 அன்று உடல் கிடைத்தது. கொலைகாரன் பலமுறை சிறை சென்று மீண்டவன். குழு அறையில் இறந்துபோன சட்ட வரைவு உயிர் பெற்றெழுந்தது. 1994 மார்ச் 7 அன்று ஆளுநர் பீட் வில்சன் கையெழுத்திட்டார். அதோடும் நில்லாமல், எளிதில் எவரும் திருத்த முடியாதபடி நவம்பரில் 184 என்ற எண்ணுள்ள வாக்கெடுப்பாகவும் அது மக்கள் முன் வந்தது. ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆதரித்தனர். துப்பாக்கி உரிமையாளர் சங்கமும் சிறைக் காவலர்களின் தொழிற்சங்கமும் அதற்குப் பொருளுதவி செய்தன. சிறைக் காவலர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று விளக்கத் தேவையில்லை.

மக்கள் வாக்களித்தது சட்டத்தின் வாசகத்துக்கு அன்று, அதன் பெயருக்கு. ஆங்கிலத்தில் அது நான்கைந்து சொற்களே கொண்ட ஒரு முழக்கம். பேஸ்பால் ஆட்டத்தில் மட்டையாளர் மூன்று முறை ‘ஸ்ட்ரைக்’ வாங்கினால் ‘அவுட்’. குற்றவாளிக்கும் அதே விதி: மூன்று முறை தவறினால் வெளியே. வாஷிங்டன் மாநிலம் 1993இலேயே இதே பெயரில் ஒரு சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றியிருந்தது. 1994 ஜனவரியில் குடியரசுத் தலைவர் கிளின்டன் நாடாளுமன்ற உரையில் அம்முழக்கத்தைச் சொன்னார். மிகச் சில ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைச் சட்டமாக்கிக்கொண்டன. தமிழ்க் காதுக்கு ‘ஸ்ட்ரைக்’ என்றால் வேலைநிறுத்தம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கருக்கோ அது சிறுவயதில் தெருவில் கேட்ட சொல், தந்தை மகனுக்குக் கற்றுத்தந்த ஆட்டத்தின் சொல். எவரும் விளக்கம் கேட்காத சொல். விளக்கம் கேட்கப்படாத சொல்லே அரசியலில் ஆபத்தான சொல்.

அந்த உருவகத்தைக் கவிஞரின் கண்கொண்டு ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். முதலாவதாக, ‘வெளியே’ என்று அது சொல்வது உண்மையில் ‘உள்ளே’. இருபத்தைந்து ஆண்டு முதல் ஆயுள் முழுவதும் உள்ளே. இரண்டாவதாக, பேஸ்பாலில் மூன்று முறை தவறி வெளியேறிய மட்டையாளர், தம் முறை மீண்டும் வரும்போது அதே ஆட்டத்தில் மட்டை பிடிக்கிறார். ஆட்டம் அவரை நிரந்தரமாக விலக்குவதில்லை. ஆக, உருவகம் தான் கடன் வாங்கிய ஆட்டத்துக்கே உண்மையாக இல்லை. மூன்றாவதாக, ஆட்டத்தில் மூன்று தவறுகளும் ஒரே எடை உள்ளவை. வாழ்வில் அப்படி இல்லை. இந்த மூன்றாவது பொருத்தமின்மையே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மேல் வந்து விழுந்தது.

சட்டம் செயல்பட்ட விதம் இது. கடுமையானது அல்லது வன்முறையானது என்று பட்டியலிடப்பட்ட பெருங்குற்றம் ஒன்றை ஒருவர் முன்பு செய்திருந்தால், அடுத்து எந்தப் பெருங்குற்றம் செய்தாலும் தண்டனை இரட்டிப்பு. அத்தகைய முன்குற்றங்கள் இரண்டு இருந்தால், மூன்றாவதற்கு இருபத்தைந்து ஆண்டு முதல் ஆயுள் வரை. அந்த மூன்றாவது, பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டியதில்லை. பெருங்குற்றம் என்ற தலைப்பில் அடங்கும் எதுவாகவும் இருக்கலாம். ஆளில்லாத வீட்டில் புகுந்து திருடியதும் பட்டியலில் உண்டு. அது இருபது ஆண்டுகளுக்கு முந்தையதாக இருந்தாலும் கணக்கில் சேரும். சில்லறைத் திருட்டும், முன்பு திருடியவர் செய்தால், அரசு வழக்கறிஞர் விரும்பும்போது பெருங்குற்றமாக உயரும். வாக்களித்தவர்கள் பாலி கிளாஸைக் கொன்றவனைப் போன்றவர்களை மனத்தில் வைத்து வாக்களித்தார்கள். வலையில் விழுந்த மீன்கள் வேறு.

1994 கோடையில் ரெடோண்டோ கடற்கரையில் சிறுவர்களிடமிருந்து ஒரு துண்டு பீட்சாவைப் பறித்த ஜெரி வில்லியம்ஸ் என்பவருக்கு 1995இல் இருபத்தைந்து ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை விதிக்கப்பட்டது. 1996இல் மாநில உச்ச நீதிமன்றம், பழைய குற்றங்களைக் கணக்கிலிருந்து நீக்கும் உரிமை நீதிபதிக்கு உண்டு என்று ரொமேரோ வழக்கில் தீர்ப்பளித்த பின்னரே அவருடைய தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. லியாண்ட்ரோ ஆண்ட்ராடே 1995 நவம்பரில் இரண்டு கடைகளில் ஒன்பது வீடியோ கேசட்டுகளை ஆடைக்குள் மறைத்து எடுத்தார். மொத்த மதிப்பு 153 டாலர் 54 சென்ட். அவற்றில் ஸ்நோ ஒயிட், சிண்ட்ரெல்லா போன்ற குழந்தைப் படங்கள் இருந்தன. இரண்டு திருட்டுக்கும் தனித்தனியே இருபத்தைந்து. ஆக ஐம்பது ஆண்டு முதல் ஆயுள் வரை. கைதானபோது அவருக்கு வயது முப்பத்தேழு. கேரி யூயிங் என்பவர் கோல்ப் கடையிலிருந்து, ஒவ்வொன்றும் 399 டாலர் மதிப்புள்ள மூன்று மட்டைகளைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு நொண்டியபடி வெளியே நடந்தார். அவருக்கும் இருபத்தைந்து. இவ்விரு வழக்குகளும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 2003 மார்ச் 5 அன்று, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், இரண்டிலும் தண்டனை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. குறை இருப்பின் அதைச் சட்டம் இயற்றியவர்களிடம் சொல்லுங்கள் என்பது தீர்ப்பின் சாரம். நீதிமன்றக் கதவு சாத்தப்பட்டது. யூயிங் 2012இல் சிறையிலேயே இறந்தார்.

இவர்கள் நிரபராதிகள் அல்லர் என்பதை மறக்கலாகாது. அதுதான் அவர்களுடைய குடும்பங்களின் தனிச் சுமை. கண்ணகியால், ‘என் கணவன் கள்வன் அல்லன்’ என்று நிறுவ முடிந்தது. முத்துக்கும் மாணிக்கத்துக்கும் உள்ள வேறுபாடு போதுமானதாக இருந்தது. கலிபோர்னியத் தாய்மாருக்கு உடைத்துக் காட்டச் சிலம்பு எதுவும் இல்லை. என் மகன் கள்வன்தான். ஆனால் இந்தத் திருட்டுக்கு இந்தத் தண்டனையா என்பதே அவர்கள் வழக்கு. நிரபராதியின் தாய்க்கு ஊர் இரங்கும். குற்றவாளியின் தாயை ஊர், ‘வளர்த்த லட்சணம்’ என்று கேட்கும். இதை அமெரிக்காவுக்கே உரிய மனப்பாங்காகக் கருத வேண்டாம்.

1992இல், லாஸ் ஏஞ்சலஸ் நகரம் கலவரத்தில் எரிந்து அடங்கிய அதே ஆண்டில், தெற்குப் பகுதியில் ஏழைத் தாய்மார் சிலர் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினர். பிள்ளைகளை மீட்டெடுக்கும் தாய்மார் என்று பொருள்படும் பெயர். ரூத் வில்சன் கில்மோர் என்ற அறிஞர் ‘கோல்டன் குலாக்’ என்ற தம் நூலில் (2007) அவர்களுடைய வேலைமுறையை விரிவாக எழுதியிருக்கிறார். பெரிய தத்துவம் எதையும் அவர்கள் முதலில் பேசவில்லை. ஒருவர் பிள்ளையின் வழக்கு நடக்கும் நாளில் மற்றத் தாய்மாரும் நீதிமன்றத்தில் போய் அமர்ந்தார்கள். துண்டறிக்கை அச்சிட்டு நீதிமன்ற வாயில்களில் கொடுத்தார்கள். சட்டச் சொற்களை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள். இந்தச் சூழலிலிருந்தே, 1990களின் பிற்பாதியில், மூன்றுமுறைச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு குடும்பங்களின் அமைப்பு ஒன்று உருவாயிற்று. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஜெரி சில்வா என்ற அம்மையார் குறிப்பிடத்தக்கவர். கறுப்பினத்தார், மெக்சிக்க வம்சாவளியினர், வெள்ளையர் என எல்லாரும் அதில் இருந்தனர். ஆனால் சுமை சமமாக விழவில்லை: மாநில மக்கள்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கு அளவே உள்ள கறுப்பின மக்கள், மூன்றாம் முறைக் கைதிகளில் ஏறத்தாழ 45 விழுக்காடு.

அவர்களுள் ஆரஞ்சு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தாயின் நிலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெயர் இங்கே தேவையில்லை. மகன் போதைக்கு அடிமையாகித் திருடத் தொடங்கியபோது, தவறை ஒப்புக்கொள், திருந்துவாய் என்று சொல்லி, அவனைத் தானே போலீசாரிடம் சரணடையச் செய்தவர் அவர். ஒப்புக்கொண்ட அந்தத் திருட்டுகள் அவன் கணக்கில் முதல் இரண்டாக ஏறின. அப்போது மூன்றுமுறைச் சட்டமே பிறக்கவில்லை. 1996இல், இருபது டாலர் அளவு போதைப்பொருள் விற்கப்பட்ட இடத்தில் துணை நின்றான் என்பது மூன்றாவதாயிற்று. இருபத்தைந்து ஆண்டு முதல் ஆயுள் வரை. மகனை நேர்மைக்குத் தூண்டிய தாயின் அறிவுரையே அவன் விலங்கின் இரு கண்ணிகளாயின. இதைவிடக் கொடிய அவலத்தை நாடக ஆசிரியர் எவரும் புனைந்ததில்லை. அந்தத் தாய் புலம்பி ஓயவில்லை. தலைநகர் சாக்ரமெண்டோவின் படிகளில் ஏறி இறங்கினார், சாட்சியம் சொன்னார், கையெழுத்துத் திரட்டினார். சோலையார்பேட்டை அற்புதம் அம்மாள், மகன் கைதான 1991 முதல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்த 2022 மே 18 வரை அலைந்து தேய்த்த செருப்புகளை அறிந்த தமிழ் அவைக்கு இத்தகைய அலைச்சலை விளக்க வேண்டியதில்லை.

மாநிலத்தின் பரப்பும் அவர்களுக்குப் பகையாக இருந்தது. கைதிகளில் பெரும்பகுதியினர் தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் பகுதியினர். சிறைகளோ ஊருக்கு ஒதுக்குப்புறமான பள்ளத்தாக்குகளிலும் பாலை ஓரங்களிலும் கட்டப்பட்டவை. வடகோடியில் உள்ள பெலிக்கன் பே சிறைக்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். தொலைபேசியில் பேசினாலும் கட்டணம் குடும்பத்தின் தலையில். சிறையிலிருந்து வரும் அழைப்புகள் கலிபோர்னியாவில் கட்டணமின்றி ஆனது 2023இல்தான்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களும் துயருற்றவர்களே என்பதை இந்தக் குடும்பங்கள் நன்கு அறிந்திருந்தன. இறந்த பெண்ணின் புகைப்படத்தை ஏந்தி நிற்கும் தந்தையிடம் புள்ளிவிவரம் பேச முடியாது. பேசவும் கூடாது. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்தே ஒருவர் எழுந்து வந்தார். பாலி கிளாஸின் தாத்தா ஜோ கிளாஸ். இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பறந்து ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர்; கம்பிக்குப் பின்னால் இருப்பது என்னவென்று அறிந்தவர். முதலில் சட்டத்தை ஆதரித்த பாலியின் தந்தை மார்க் கிளாஸும், சட்டத்தின் வாசகத்தைப் படித்த பிறகு 1994 வாக்கெடுப்பை எதிர்த்தார். தங்கள் குழந்தையின் பெயரால் சில்லறைத் திருடர்கள் ஆயுள் முழுவதும் அடைக்கப்படுவதை அவர்கள் ஏற்கவில்லை. பின்னாளில் தந்தை அந்த அளவுக்கு முன்வரவில்லை. தாத்தா இறுதிவரை கைதிகளின் தாய்மாரோடு ஒரே மேடையில் நின்றார். பசுவும் இளவரசனின் தாயும் ஒரே கயிற்றைப் பிடித்த காட்சி அது. அரிதாக வாய்ப்பது. சட்டத்தை எதிர்ப்பவர்கள் இறந்தவர்களை மறந்தவர்கள் என்ற வாதத்தின் பல்லைப் பிடுங்கியது அவருடைய நரைத்த தலை ஒன்றே.

அப்படியும் முதல் முயற்சி தோற்றது. தோற்ற கதை வென்ற கதையைவிட அதிகம் கற்பிப்பது. உச்ச நீதிமன்றம் கைவிரித்த மறு ஆண்டு, 2004 நவம்பரில், 66 என்ற எண்ணுள்ள வாக்கெடுப்பு வந்தது. மூன்றாவது குற்றமும் கடுமையானதாக அல்லது வன்முறையானதாக இருந்தாலன்றி ஆயுள் தண்டனை கூடாது என்பது அதன் மையம். கூடவே பட்டியலிலிருந்தும் சில குற்றங்களை அது நீக்கியது. குடும்பங்களிடம் கால்கள் இருந்தன, பணம் இல்லை. மாநிலம் தழுவிய கையெழுத்துத் திரட்டலுக்குப் பெரும்பணம் வேண்டும். சாக்ரமெண்டோவின் காப்பீட்டு வணிகர் ஒருவர் அதைத் தந்தார். அவருடைய மகன் குடிபோதையில் கார் ஓட்டி உடனிருந்த நண்பர்கள் இருவர் இறக்கக் காரணமாகிச் சிறையில் இருந்தான். இத்திருத்தம் நிறைவேறினால் அவனுடைய தண்டனையும் குறையும். எதிரிகள் இதை விடுவார்களா? ஒரு பணக்காரன் மகனுக்காகச் சட்டத்தை விலைக்கு வாங்குகிறான் என்றார்கள். அந்தத் தந்தையின் பாசம் மற்றத் தாய்மாரின் பாசத்திலிருந்து எவ்வகையில் வேறுபட்டது என்பது எளிதில் விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று. ஆயினும் பணம் தந்தவரின் மகனுக்குப் பொருந்தும்படி சட்டத்தின் ஒரு விதி அமைந்திருந்தது என்பதும், அது இயக்கத்தின் நெற்றியில் ஒட்டிய கறை என்பதும் மறுக்க இயலாதவை.

தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்புவரை கருத்துக் கணிப்புகளில் ஆதரவு அறுபது விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. கடைசி நாட்களில் ஒரு கோடீஸ்வரர் எதிர்ப்பக்கத்துக்குப் பல லட்சம் டாலர்களைக் கொட்டினார். திரைப்பட நாயகராக இருந்து ஆளுநரான அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் தொலைக்காட்சியில் தோன்றினார். 26,000 ஆபத்தான குற்றவாளிகள் வெளியே வருவார்கள் என்றது விளம்பரம். அந்த எண்ணிக்கை நடைமுறையோடு பொருந்தாதது என்று திருத்தத்தை எழுதியவர்கள் மறுத்தார்கள்; மறுப்பை ஒளிபரப்பப் பணமில்லை. 47.3 விழுக்காட்டோடு திருத்தம் தோற்றது. முப்பது நொடி விளம்பரத்தில் ஓர் எண்ணும் ஒரு முகமும் போதும். ஒரு தாயின் கதைக்கு அதைவிட நேரம் வேண்டியிருக்கிறது.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் மைக்கேல் ரொமானோ என்ற வழக்கறிஞரும் மாணவர்களும் மூன்றாம் முறைக் கைதிகளின் வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து நடத்தி வந்தனர். அவர்கள் எழுதிய வரைவே 2012இல் 36 என்ற எண்ணுள்ள வாக்கெடுப்பாயிற்று. 2004இன் தோல்வியை அவர்கள் பாடமாகப் படித்திருந்தார்கள். பட்டியலில் கை வைக்கவில்லை. மூன்றாவது குற்றம் கடுமையானதாகவோ வன்முறையானதாகவோ இருந்தால் ஆயுள் தண்டனை அப்படியே நிற்கும். பழைய குற்றம் கொலை, பாலியல் வன்கொடுமை போன்றதாக இருந்தால் மூன்றாவது எவ்வளவு சிறிதாயினும் விடுதலை இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் ஸ்டீவ் கூலியே ஆதரித்துக் கையெழுத்திட்டார். நவம்பர் 6 அன்று 69 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு. மாநிலத்தின் 58 மாவட்டங்களிலும் பெரும்பான்மை. ஏறத்தாழ 3,000 பேர் தண்டனைக் குறைப்புக்கு விண்ணப்பிக்கும் தகுதி பெற்றனர். முதல் ஆண்டுக்குள்ளாகவே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியே வந்தனர். அவர்களுள் மீண்டும் குற்றம் செய்து சிறை திரும்பியோர் மிகச் சிலர்.

வெற்றிதான். ஆனால் வெற்றியைக் கொண்டாடும்போது அதன் விலையையும் சொல்ல வேண்டும். பீட்சாத் துண்டு, வீடியோ கேசட், கோல்ப் மட்டை: இந்த எடுத்துக்காட்டுகள்தாம் மக்கள் மனத்தை மாற்றின. ‘மூன்று முறை’ என்ற உருவகம் துடைத்தெறிந்த பொருள்களை, விலைச் சீட்டோடு மீண்டும் மேசைமேல் எடுத்து வைத்தது குடும்பங்களின் தனிச் சாதனை. ஆயினும் எடுத்துக்காட்டு என்பது தேர்வு. கேட்பவர் முகம் சுளிக்காத கதையைத் தேர்ந்து சொல்லும்போதே, முகம் சுளிக்கவைக்கும் கதைகள் ஒதுங்கிவிடுகின்றன. அதே கூட்டங்களில் அதே நாற்காலிகளில் ஆண்டுக்கணக்காக அமர்ந்த தாய்மாரில் பலருடைய மகன்களின் மூன்றாவது குற்றம், கேட்டவுடன் இரக்கம் பிறப்பிக்கும் குற்றம் அன்று. ஒருவன் காயம் எதுவும் ஏற்படுத்தாமல் வழிப்பறி செய்திருப்பான். ஒருவன் ஆளில்லாத வீட்டில் புகுந்திருப்பான். சட்டத்தின் பட்டியலில் இவை கடுமையானவை. இத்தாய்மாரும் கையெழுத்துத் திரட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரியின் மகன் வீடு திரும்பினான். தங்கள் மகன் திரும்ப மாட்டான் என்று வரைவு எழுதப்பட்ட அன்றே அறிந்திருந்தும் திரட்டினார்கள். வழக்கறிஞர்கள் செய்தது விவேகம். அகல விரித்திருந்தால் 2004 மீண்டும் நிகழ்ந்திருக்கும். ஆனால் விவேகத்தின் கோடு ஒரு நாற்காலிக்கும் அடுத்த நாற்காலிக்கும் இடையே விழுந்தது. அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றுகொண்டே அதை வரைய உதவிய பெண்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் அதிகம் எழுதவில்லை. இது எழுத்தாளர்கள் செய்யத் தவறிய வேலை. உருக்கமான கதைக்கு வாசகர் எப்போதும் உண்டு. உருகவைக்காத ஒருவனுக்கும் தண்டனை அளவோடு இருக்க வேண்டும் என்று வாசகரை ஒப்பவைக்கும் எழுத்து எந்த மொழியிலும் குறைவு.

குற்றங்கள் குறைந்தது இச்சட்டத்தால்தான் என்று அதன் ஆதரவாளர்கள் இன்றும் வாதிடுகின்றனர். 1990களில் கலிபோர்னியாவில் குற்றங்கள் பெருமளவு குறைந்தது உண்மை. இத்தகைய கடுஞ்சட்டமே இல்லாத மாநிலங்களிலும் அதே காலத்தில் குறைந்தது என்பதும் உண்மை. பிராங்க்ளின் சிம்ரிங் முதலிய ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்து, சரிவுக்கு இச்சட்டத்தைக் காரணமாகக் காட்ட இயலாது என்றனர். மைக் ரெனால்ட்ஸ் அம்முடிவை ஏற்கவில்லை. ஒரு தந்தையிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று.

2014இல் 47ஆம் எண் வாக்கெடுப்பு, 950 டாலர் வரையிலான திருட்டையும் சொந்தப் பயன்பாட்டுக்குப் போதைப்பொருள் வைத்திருப்பதையும் பெரும்பாலும் சிறு குற்றங்களாக்கியது. 2021இல் மாநிலத்தின் தண்டனைச் சட்டத் திருத்தக் குழு, மூன்றுமுறைச் சட்டத்தையே நீக்கிவிடலாம் என்று பரிந்துரைத்தது. அந்தச் சட்டத்தால் நீண்ட தண்டனையோடு அப்போதும் 33,000க்கும் மேற்பட்டோர் சிறையில் இருந்ததாக அதே குழு கணக்கிட்டுச் சொன்னது. அவர்களுள் பெரும்பாலோர் இரண்டாம் முறையில் இரட்டிப்புத் தண்டனை பெற்றவர்கள். இரட்டிப்பு விதியை 2012 வாக்கெடுப்பு தொடவே இல்லை. பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது.

பெருந்தொற்றுக்குப் பின் கடைகளில் கூட்டமாகப் புகுந்து அள்ளிச் செல்லும் காட்சிகள் தொலைக்காட்சியில் ஓயாமல் வந்தன. 2024 நவம்பர் 5 அன்று கலிபோர்னிய மக்கள் மீண்டும் ஒரு வாக்கெடுப்பில் வாக்களித்தனர். அதன் எண்ணும் 36தான். எண்கள் சுழன்று வரும்போது நேர்ந்த தற்செயல். முன்பு இருமுறை திருடித் தண்டனை பெற்ற ஒருவர் மூன்றாம் முறை எவ்வளவு சிறிய தொகைக்குத் திருடினாலும் அதைப் பெருங்குற்றமாக்கலாம் என்று அது சொல்லியது. தண்டனை ஆயுள் அன்று. அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் ஆதரித்தனர். 2012இல் 36 என்ற எண்ணை ஆதரித்தவர்களும் ஏறத்தாழ அதே அளவினரே.